இரவை அளக்கும் சாமந்தி

கேள்வி: மலர்க் காட்சித் தோட்டமொன்றில் ஆயிரக்கணக்கான சாமந்திச் செடிகள், பருவமே இல்லாத காலத்தில், ஒரே வாரத்தில் பூத்து நிற்பதைக் கண்டேன். என் வீட்டுத் தொட்டிகளில் உள்ளவை ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கின்றன. ஏதேனும் மருந்து தெளித்துப் பூக்க வைக்கிறார்களா?

பதில்: பூக்க வைப்பது மருந்தன்று, இருட்டு. பகல் சுருங்கி இரவு நீளும் காலத்தில்தான் சாமந்தி மொட்டுக் கட்டும். இத்தகைய செடிகளைக் குறும்பகல் தாவரங்கள் என்பர். கோடை முழுவதும் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன 'மேரிலாண்ட் மாமத்' என்னும் புகையிலை வகையை, நாள்தோறும் பகல் முடியும் முன்பே இருட்டறைக்குள் வைத்துப் பூக்கச் செய்த கார்னர், அலார்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்பதை 1920-இல் வெளியிட்டனர். ஆனால் செடி உண்மையில் அளப்பது பகலை அன்று. 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் ஆய்வாளர்கள் மருளூமத்தை என்னும் குறும்பகல் களைச்செடியில் நடத்திய சோதனைகளில், பகலின் இடையே சிறிது நேரம் இருட்டாக்கியதால் எந்த மாற்றமும் நேரவில்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டதுமோ, செடி பூக்கவே இல்லை. இடையறாத இருட்டின் நீளமே கணக்கில் வருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இலைகளில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி சிவப்பு ஒளியால் ஒரு வடிவத்துக்கும், அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பு ஒளியாலும் இருட்டாலும் மற்றொரு வடிவத்துக்கும் மாறுகிறது; செடிக்கு ஒளியையும் இருட்டையும் பிரித்துக் காட்டுவது இந்த மாற்றமே.

தோட்டக்காரர்கள் இதை இரு வகையில் பயன்படுத்துகின்றனர். செடி போதிய அளவு வளரும் வரை மொட்டு வரக் கூடாது என்பதால், இரவு நீண்ட காலமாயின், பத்து மணி முதல் இரண்டு மணி வரை விளக்கெரித்து இரவை இரண்டாகத் துண்டிக்கின்றனர். பூக்க வைக்க வேண்டிய நாள் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டு, பகல் நீண்ட காலமாயின் மாலை ஐந்து மணியளவில் பசுமைக்குடிலைக் கறுப்புத் துணியால் மூடி, மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறக்கின்றனர். தொட்டிச் சாமந்தி வகைகளில் பெரும்பாலானவை, நீண்ட இரவு தொடங்கிய நாளிலிருந்து ஏழு முதல் பத்து வாரங்களில் மலரும். எந்த வகைக்கு எத்தனை வாரம் என்பது முன்பே தெரியுமாதலால், திறப்பு விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் துணியை மூடும் நாளைக் குறித்துவிடலாம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு: துணிக்குள் வெப்பம் தேங்கினால் மொட்டு வளர்ச்சி தாமதமாகி, கணக்கு முழுவதும் பிசகிவிடும். இருட்டடிப்பைவிட, இருட்டுக்குள் காற்றோட்டம் தருவதுதான் கடினமான வேலை என்பது என் கருத்து. உங்கள் தொட்டிச் செடிகள் தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தால், அவை இன்னும் தாமதமாகப் பூக்கக்கூடும். அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அதே தோட்டத்தில் ஊழியர்கள், அரைகுறையாகவே வாடியிருந்த பூக்களைக்கூடக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தனர். இது வீண் அன்றோ?

பதில்: பூவின் நோக்கம் விதை. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பெட்டூனியா போன்ற பல பூக்களில் எத்திலீன் வாயு மிகுந்து, இதழ்கள் விரைவில் வாடுகின்றன; அதன்பின் செடி தன் சர்க்கரையை வளரும் விதைகளுக்கு அனுப்புவதால், புதிய மொட்டுகள் குறைகின்றன. விதை பிடிக்கும் முன் கிள்ளிவிட்டால், அந்த உணவு அடுத்த மொட்டுகளுக்குச் செல்லும். வாடிய இதழ்களில் சாம்பல் பூஞ்சை எளிதில் பற்றி நல்ல பூக்களுக்கும் பரவும் என்பது மற்றொரு காரணம். ஈரப்பதம் மிகுந்த கண்ணாடிக் குடில்களில் இதுவே முதற்காரணம் என்றும் சொல்லலாம். விதைக்காகவே வளர்க்கும் செடிகளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: ஹைட்ராஞ்சியா ஒரு பாத்தியில் நீலமாகவும் மற்றொன்றில் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே வகை என்றார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். அமிலத்தன்மை மிகுந்த, அதாவது பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் குறைவான மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழியே ஏறி, பூவின் நிறமியுடன் சேர்ந்து நீலம் தருகிறது. அந்த அளவு 6.5-ஐத் தாண்டினால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடுவதால், பூ இளஞ்சிவப்பாகிறது. நீலம் வேண்டுவோர் அலுமினியம் சல்பேட்டும், இளஞ்சிவப்பு வேண்டுவோர் சுண்ணாம்பும் இடுவர். பாஸ்பரஸ் மிகுந்த உரம் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், நீலத்துக்கு அது ஆகாது. வெள்ளைப் பூ வகைகளில் அந்த நிறமியே இல்லை. மண்ணில் எதை இட்டாலும் அவை நீலமாக மாறா.