கம்பியில் கோத்த கார்டுகள்

கேள்வி: கானாடுகாத்தானில் ஐயா வீட்டை ஒழித்தபோது, கம்பியில் குத்திய பழைய போஸ்ட் கார்டுக் கட்டு ஒன்று கிடைத்தது. பாதி எழுத்து புரியவில்லை. பழைய பொருள் கடையில் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் ஆச்சி, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் ஸ்டாம்பைத்தான் பார்ப்பார்; சொத்து எழுத்தில் இருக்கிறது.

புரியாததற்குக் காரணம் சுருக்கக் குறிகள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். 1879-இல் காலணாவுக்கு வந்தது இந்தக் கார்டு. உள்ளங்கை அகல இடத்தில் கொள்முதல், கல்யாணம், காய்ச்சல் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் புள்ளி வைக்காமல், இடைவெளி விடாமல் எழுதினார்கள். எங்கள் அப்பச்சி ரங்கூனிலிருந்து போட்ட ஒரு கார்டில், இடம் தீர்ந்ததும் வரி ஓரமாகத் திரும்பி, மேலே ஏறி, தலையிலுள்ள பிள்ளையார் சுழியைத் தொடாமல் வளைந்து போகும். துதிக்கை போல் சுருளும் அந்தப் பழைய லை, ணை! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த அழகு அச்சில் இல்லை.

மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் சுபச் செய்தி. சாவுச் செய்தி அநேகமாக இருக்காது. படித்ததும் கிழித்துப் போடுவார்கள்.

கார்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கம்பியை வெட்டி எடுங்கள். லாமினேஷன், செல்லோ டேப் இரண்டும் கூடாது. அப்புறம், படிக்கத் தெரிந்த பெரியவர்களை வாசிக்கச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். முத்திரையில் ரங்கூன், பினாங்கு என்று தெரிந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.