எளிய பிளாட்ஃபார்ம் கேம் ஒன்றின் கதை, ஓவியம், ஆட்டம் மூன்றையும் எப்படி மதிப்பிடுவது?

மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண் போட்டு சராசரி எடுக்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். இந்த வகை கேமில் ஆடுபவர் செய்வதெல்லாம் மேடைக்கு மேடை ஓடுவதும் தாவுவதும்தான். அது சொதப்பினால் மற்ற இரண்டும் காப்பாற்றாது.

முதலில் ஆபத்தில்லாத சமதரையில் நின்று தாவிக்கொண்டே இருங்கள். பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல் வருகிறதா? நடுவானில் திசை திரும்புகிறதா? விரலை எடுத்தபின் எவ்வளவு தூரம் வழுக்குகிறது? ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருந்தால் தாவலில் ஒரு கனம் தெரியும். இல்லையென்றால் பெரும்பாலும் மிதப்பதுபோல் இருக்கும்.

அடுத்து விளிம்பு. கால் தரையை விட்டபின் வேண்டுமென்றே ஒரு கணம் தாமதித்து பட்டனை அழுத்துங்கள். நல்ல கேம் அதையும் தாவலாக ஏற்கும். இதற்கு கொயோட்டி டைம் என்று பெயர். 2018இல் வந்த செலஸ்ட் (Celeste) என்ற கேமில் இது 0.1 நொடி, அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும்போது 6 ஃபிரேம். தரை தொடுவதற்குச் சற்று முன் அழுத்தினாலும் தொட்டவுடன் தாவ வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கேமில்தான் "அழுத்தினேன், தாவவில்லை" என்ற புலம்பல் வரும்.

சாகும் இடங்களை வீடியோவாகப் பதிந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். முள் மேலே படாமலே கேரக்டர் செத்தால், மோதல் எல்லையை, அதாவது பட்டதாக கேம் கணக்கிடும் பகுதியை, ஓவியத்தைவிடப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று சிலர் வருவார்கள். கடினம் வேறு, அநியாயம் வேறு. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் மிகக் கடினம். ஆனால் செத்த அடுத்த கணமே மறுபடி ஓடலாம், ஏன் செத்தோம் என்பதும் தெரியும்.

ஓவியத்துக்கு ஒரு சோதனை போதும்: ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிற்கும் இடம் எது, ஆபத்து எது, வெறும் அலங்காரம் எது என்று பார்த்தவுடன் பிரிகிறதா? பிக்சல் ஓவியம் (சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன பழைய பாணிப் படம்) என்பதற்காகவே மதிப்பெண் குறைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. அவ்வளவு குறைந்த நினைவகத்திலும் எதில் நிற்கலாம் என்பது பெரும்பாலும் தெளிவாகவே தெரியும்.

கதையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அது ஆட்டத்தை நிறுத்துகிறதா, தவிர்க்க வழி உண்டா, லெவலிலேயே தெரிகிறதா என்று பாருங்கள். லிம்போ என்ற கேம் ஒரு வசனம்கூட இல்லாமல் கதை சொல்கிறது. செலஸ்டில் மலையேறுவதுதான் கதை, ஆட்டமும் அதுவே.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: சில மொபைல் கேம்களில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு விளம்பரம். திரும்பத் திரும்ப முயல்வதில்தான் கை பழகும். அந்த இடத்திலேயே வெட்டுகிறார்கள். மதிப்பிடும்போது இதை ஆட்டத்தின் குறையாகவே எழுதுங்கள். முதல் இரண்டு லெவலோடு தீர்ப்பும் எழுதாதீர்கள். அவை சொல்லித்தரும் லெவல்கள். நகரும் பலகையும் எதிரியும் ஒன்றாக வரும் இடம்வரை போனால்தான் வடிவமைப்பின் தரம் தெரியும்.