வரப்பில் நடந்த கால் மலைமுகட்டில் நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலுள்ள ஹெல்வெலின் மலையில் மகளுடன் ஒரு பகல் முழுவதும் நடந்துவிட்டு வந்ததைப் பற்றி இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். மேடு என்றால் ஆற்றங்கரை, பள்ளம் என்றால் வாய்க்கால் என்று வாழும் நம் பக்கத்து வாசகர்களிடமிருந்து அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழில் பிற கேள்விகளை நிறுத்திவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. பாமணி ஆற்றங்கரையில் தினமும் 7 கிலோமீட்டர் நடக்கிறேன். மான்செஸ்டரில் இருக்கும் மகன், ஜூலையில் நான் வரும்போது அதே மலைக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறான். என்னால் முடியுமா? – வாசகர், மன்னார்குடி

தூரத்தை மட்டும் பார்த்தால் முடியும். அடிவாரத்துக் கிளென்ரிடிங் கிராமத்தில் தொடங்கி, ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் முகட்டின் வழியாக உச்சிக்குப் போய், வேறு பக்கமாக இறங்கி அதே ஊருக்கு வந்து சேர்வது சுமார் 13 கிலோமீட்டர். உங்கள் அன்றாட நடையைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் உச்சி 950 மீட்டர், கிராமம் ஏறக்குறைய 150 மீட்டர். ஆக 800 மீட்டர் ஏறி, அதே 800 மீட்டரையும் இறங்க வேண்டும். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும்: ஒரே நாளில் உச்சிப்பிள்ளையாரை ஏறக்குறைய பத்துமுறை தரிசித்துவிட்டு வருவதற்குச் சமம், அதுவும் படிக்கட்டு இல்லாமல்.

நேரத்தைக் கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அவருடைய கணக்கு. அதன்படி இந்த நடைக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. அவர் நம்மை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு ஏழு மணி நேரம் பிடித்தது.

சமவெளிக்காரர் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அப்படி இல்லை. ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழுவதையும் முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் எத்தனை ஆண்டுகள் நடந்திருந்தாலும் அந்தத் தசைக்கு அந்த வேலை பழக்கமாகியிருக்காது. எனவே இப்போதிருந்தே வாரம் ஒருமுறை திருச்சிக்குப் பஸ் ஏறி, மலைக்கோட்டையில் ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாக, கைப்பிடியைத் தொடாமல் பழகுங்கள். முதல் வாரம் இரண்டு முறை போதும். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கும்போது நான் சொல்வது புரியும். முழங்கால் வலியோ நெஞ்சுக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

அந்த முகடு உண்மையிலேயே பயமுறுத்துமா? மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். – வாசகி, கும்பகோணம்

எனக்கும் அப்படித்தான், அம்மா. பழங்காலத்துப் பனியாறுகள் மலையை இரண்டு பக்கமும் குடைந்தெடுத்த பிறகு நடுவில் எஞ்சிய பாறைதான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். சில இடங்களில் அதன் மேற்பகுதி நம் நடவு வயலின் பெரிய வரப்பு அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சரிவு, வலப்பக்கம் வெகு கீழே ரெட் டார்ன் என்னும் சிறிய ஏரி. முகட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் ஒரு பாதை போகிறது. பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதில் போகிறார்கள். நானும் அதில்தான் போனேன். ஓரிடத்தில் பாறை ஈரமாக இருந்தது. மகள் கையை நீட்டியும் பிடிக்காமல், உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன். பின்னால் வந்த வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் நான் கடந்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தான்.

முகடு முடியுமிடத்தில் ஒரு பாறை இடுக்கில், முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையையும் காலையும் ஊன்றி இறங்க வேண்டும். தென்னை மரத்திலிருந்து இறங்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் செய்வதைப் போல அடுத்த கால் நிலைகொண்ட பிறகே கையை எடுக்க வேண்டும். காற்று பலமாக இருந்தாலும், மழை பெய்தாலும், குளிர்காலத்தில் பனி உறைந்திருந்தாலும் அந்த வழியே போகக்கூடாது. அதே கிளென்ரிடிங்கிலிருந்து கெப்பல் கோவ் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் பழைய குதிரைப் பாதை ஒன்று இருக்கிறது. நீளம் அதிகம், பயம் குறைவு, உச்சி ஒன்றுதான். உங்களுக்கு அதையே சொல்வேன்.

ஏறிப் போனபின் நாம் வியக்கும் விஷயம், உச்சி தட்டையாக இருப்பது. 1926 டிசம்பரில் ஒரு சிறு விமானத்தையே அங்கே இறக்கி, மீண்டும் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கு ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது.

வழியெல்லாம் ஆடுகள் மேய்ந்தன, ஆனால் மேய்ப்பவரையே காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேலியும் இல்லாமல் ஆடு எப்படித் தன் இடத்தில் நிற்கும்? நம்பும்படியாக இல்லையே. – வாசகர், திருத்துறைப்பூண்டி

நானும் நம்பவில்லை, அடிவாரத்துக் கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினேன். மலையின் மேல்பகுதி பொது மேய்ச்சல் நிலம். கீழேயுள்ள பண்ணைகளுக்கு அதில் ஆடு மேய்க்கும் உரிமை பரம்பரையாக வருகிறது. மேலே எல்லைக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பண்ணையின் மந்தையும் தனக்குரிய சரிவை விட்டுப் பெரும்பாலும் விலகுவதில்லை. தாய் ஆட்டின் பின்னால் அலைந்து, எங்கே புல் நல்லது, எந்தப் பாறை காற்றை மறைக்கும், எதுவரை நம்முடையது என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அது தாயானதும் தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. இப்படி நிலத்தோடு பழகிய மந்தையை அவர்கள் ‘ஹெஃப்ட்’ ஆன மந்தை என்கிறார்கள். பண்ணை கைமாறும்போது மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது பல இடங்களில் வழக்கம். ஏனென்றால், புதிதாக வாங்கிக் கொண்டுவிட்ட ஆட்டுக்கு அந்த எல்லை தெரியாது. 2001-இல் கோமாரி நோய் பரவி இலட்சக்கணக்கான கால்நடைகள் கொல்லப்பட்டபோது, ஆடு போனதைவிட ஆட்டின் தலைக்குள் இருந்த அந்த வரைபடம் போய்விடுமே என்றுதான் மலைப்பண்ணைக்காரர்கள் கலங்கினார்கள்.

நம் ஊரில் இது தலைகீழ். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்று இந்த மிராசுதார் வயலில் கிடை, நாளை அடுத்த வயலில். நமக்கு வேண்டியது ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும். ஆட்டுக்கு வேண்டியது தாளும் புல்லும். ஆடு நகர்கிறது, வயல் இருந்த இடத்தில் இருக்கிறது. ஹெல்வெலினில் ஆடு நகராமல் இருப்பதே சொத்து. ஆகையால் முகட்டில் நடக்கும்போது ஆட்டைத் துரத்திப் படம் பிடிப்பதையும், கத்தி விரட்டுவதையும் நான் சிறிய தவறாக நினைக்கவில்லை.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள உம்பளச்சேரியின் மாட்டினத்தை வைத்து ஒன்று சொல்கிறேன். உம்பளச்சேரிக் கன்று செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த மலைகளுக்கே உரிய ஹெர்ட்விக் ஆட்டின் குட்டியும் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பலாகிறது. முகம் மட்டும் வெளுத்து நிற்கிறது. முதலில் பார்த்தபோது தாயும் குட்டியும் வேறு வேறு இனம் என்று மகளிடம் அடித்துச் சொல்லி, அவமானப்பட்டேன்.

பாதை தெளிவாக இருக்குமா? வழிகாட்டி வேண்டுமா? – வாசகர், நீடாமங்கலம்

பாதை இருக்கிறது. கூடவே நூறு பொய்ப்பாதைகளும் இருக்கின்றன. மேய்ச்சல் மலையில் புல்லின் நடுவே அழகாகத் தேய்ந்து தெரிகிற தடங்களில் பாதிக்கு மேல் ஆட்டுத் தடங்கள். ஆட்டுக்கு உச்சிக்கும் போக வேண்டியதில்லை, ஊருக்கும் போக வேண்டியதில்லை. உயரம் கூடாமல் குறையாமல் சரிவைச் சுற்றிக்கொண்டே போய் நல்ல புல்லை அடைந்தால் அதன் வேலை முடிந்தது. அங்கே தடமும் முடிந்துவிடும்.

இறங்கும்போது ரெட் டார்ன் ஏரியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. எதிரே ஒரு தடம் வரப்புப்போல நேராகத் தெரிந்தது; நான் முன்னே நடந்தேன், மகள் பின்னே வந்தாள். கால் மணி நேரத்தில் தடம் மூன்றாகப் பிரிந்தது. இடுப்பளவு பெரணிப் புதர் வந்தது. காலடியில் செங்குத்தான ஈரப்புல். ஈரப்பாறையைவிட ஈரப்புல் வழுக்கும் என்பது அன்று தெரிந்தது. நம் வரப்புச் சேற்றில் கட்டை விரலை ஊன்றி நடக்கிற வித்தை, ஷூவுக்குள் அடைபட்ட விரலுக்கு உதவவில்லை. மேலும் இறங்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதை மகள் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பி, கல் பாவிய பாதையைக் கண்டபிறகுதான் இறங்கினோம். அவள் செய்ததே சரி. காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். கைபேசியின் பேட்டரி குளிரில் வேகமாகத் தீர்ந்துவிடும். விசில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதினால் அங்கே அது உதவி கேட்கும் குறி. தொலைபேசி கிடைத்தால் 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக்குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவினர் தொண்டர்கள், கட்டணம் வாங்குவதில்லை.

பிறர் நிலத்தில் நுழைந்து நடந்தால் சும்மா விடுவார்களா? எங்கள் ஊரில் ஒரு வரப்புக்காக முப்பது வருஷமாகக் கேஸ் நடக்கிறது. – வாசகர், சீர்காழி

சட்டமே விடுகிறது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வரைபடத்தில் குறிக்கப்பட்ட மலை, புதர்வெளி, பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் யாரும் கால்நடையாகப் போகலாம் என்கிறது. ஆனால் அடிவாரத்து வயல்களுக்கு அது பொருந்தாது. அங்கே குறித்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகக்கூடாது. படலையோ கதவையோ எந்த நிலையில் கண்டீர்களோ அந்த நிலையிலேயே விட்டுப் போங்கள். திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும், ஆடு தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கலாம். சாந்தில்லாமல் கல் அடுக்கிய சுவரின் மேல் ஏறாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். மாட்டோடு பிறந்து வளர்ந்த நமக்குத்தான் இதில் அலட்சியம் வரும். அந்தப் பசு நம்மைத் தொழுவத்தில் பார்த்துப் பழகியதில்லை.

மேய்ச்சல் நிலம் என்றால் உண்ணி இருக்குமே? ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? – வாசகி, மயிலாடுதுறை

குடிக்க வேண்டாம். பளிங்குபோல ஓடினாலும் மேலே எங்காவது ஆட்டுச்சாணமோ செத்த ஆடோ கிடக்கலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்து போங்கள்.

உண்ணி இருக்கிறது, அதிலும் பெரணிப் புதரிலும் உயர்ந்த புல்லிலும் அதிகம். லைம் நோய் என்னும் தொற்றை அது பரப்பக்கூடும். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நம் வீட்டு வழக்கப்படி மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், தீக்குச்சி எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே மேல்நோக்கி இழுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, மலைக்குப் போய்வந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர் திரும்பிய பிறகு வந்தாலும் சொல்லுங்கள். இங்குள்ள மருத்துவருக்கு அது சட்டென்று தோன்றாது.

இங்கிலாந்து எதற்கு, நம் மலைகளில் இப்படி நடக்க முடியாதா? ஆடு மேய்ந்து மலையைக் கெடுப்பதைப் புகழ்கிறீர்களே? – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்த பிறகு, அனுமதியில்லாத மலையேற்றத்தை அரசு இறுக்கிவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியுடன் போகலாம். காய்ந்த புல் எரியும் கோடைத் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள்.

அடுத்தது, ஆடு. ஹெல்வெலினில் மரமில்லாமல் போனதற்கு நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்த மேய்ச்சலும் ஒரு காரணம் என்பது உண்மை. அபூர்வமான மலைச்செடிகள் அங்கே ஆட்டின் வாய் எட்டாத பாறை இடுக்குகளில்தான் பிழைத்திருக்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணோடு நம் நீலகிரியையோ பழனி மலையையோ பார்க்காதீர்கள். அங்கே சோலைக்காட்டுக்கு நடுவே விரிந்திருக்கும் புல்வெளி யாரும் மரம் வெட்டியதால் வந்ததன்று, அது இயற்கையானது. அதை வெறும் தரிசு என்று எண்ணிச் சீகையையும் யூக்கலிப்டஸையும் நட்டதுதான் அங்கே நடந்த கேடு.

கடைசியாக ஒன்று: வேட்டி கட்டிக்கொண்டு ஏறலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? – வாசகர், திருவையாறு

வேட்டி வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கணக்கில் குளிரும் கூடிக்கொண்டே போகும், காற்று வேறு. மேலே மழைச்சட்டை, உள்ளே கம்பளி.

சாப்பாடு புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, முந்தின இரவே மகள் கிளறி வைத்தாள். உச்சியில் காற்றுக்கு மறைவாகச் சிலுவை வடிவில் கட்டியிருக்கும் கல்சுவரின் ஒரு மூலையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அடுத்த மூலையில் படுத்திருந்த ஹெர்ட்விக் ஆடு எழுந்து வந்து, முகர்ந்து பார்த்து, பெருங்காய வாசனை பிடிக்காமலோ என்னவோ, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.