மகனை ரக்பி கிளப்பில் சேர்க்க எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 12 வயது. பக்கத்தில் உள்ள ரக்பி கிளப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆண்டுக் கட்டணம் எங்களால் முடியாத தொகை இல்லை. ஆனால், "கட்டணம் வெறும் ஆரம்பம்தான், அப்புறம் பூட்ஸ், ஜெர்சி, டூர் என்று இழுத்துக்கொண்டே போகும்" என்கிறார் என் கணவர். வீட்டுக் கடன் தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. மகனின் மேற்படிப்புக்கு மாதாமாதம் போடும் சேமிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு இதைச் சமாளிக்கலாமா என்று யோசிக்கிறோம். அடிபட்டால் யார் செலவு செய்வது என்று மாமியார் பயப்படுகிறார். நன்றாக ஆடினால் உதவித்தொகையில் படித்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். கீபோர்டு வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 8 வயது மகளும் அண்ணன் பின்னாலேயே கிளம்புவாள். என்ன செய்யலாம்?

பதில்: சேர்த்துவிடுங்கள். மேற்படிப்புச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். கட்டணம் கட்டும் முன்பு காப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலான பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. ரக்பி உடலோடு உடல் மோதும் ஆட்டம். விரல் பிசகும், தோள்பட்டை இறங்கும், சில நேரம் எலும்பும் முறியும். சரி, கிளப்பில்தான் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. பதிவுக் கட்டணத்திலேயே ஒரு காப்பீடு அடங்கியிருப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் அந்தப் பாலிசிகள் பெரும்பாலும் எதற்காக எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள்: நிரந்தர ஊனம் போன்ற பெரிய விபத்துக்கும், பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்குக் கிளப் பொறுப்பாக நேர்ந்தால் அதற்கும். மணிக்கட்டு முறிவு, உடைந்த முன்பல், ஆறு வார பிசியோதெரபி போன்ற நடுத்தரச் செலவுகள் அதில் இல்லாமலே போகலாம், இருந்தாலும் உச்சவரம்பு குறைவாக இருக்கலாம். நிஜத்தில் அடிக்கடி வருவது இந்த நடுத்தரச் செலவுதான்.

ஆகவே இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்று கிளப் தரும் காப்பீட்டுச் சுருக்கம். இன்னொன்று உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு. குடும்பப் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைத் தேடுங்கள். அபாயகரமான விளையாட்டு, மோதல் விளையாட்டு, போட்டி விளையாட்டு என்று ஏதாவது எழுதியிருந்தால், பொழுதுபோக்காகக் கிளப்பில் ஆடும் சிறுவனுக்கு அது பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன பதில் நாளைக்கு உதவாது. பல் சிகிச்சையும், மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் பிசியோதெரபியும் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு பாலிசியிலும் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டைக்கு மட்டும் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்தால் போதும். உங்கள் நாட்டில் அரசு மருத்துவமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றால் இந்த வேலை பாதியாகக் குறையும். பல்லை மட்டும் அப்போதும் விசாரியுங்கள்.

இன்னொன்று. காப்பீடு எந்த நாளிலிருந்து செல்லும்? பல இடங்களில் ஆட்டக்காரர் பதிவு முடிந்த பிறகுதான். "இப்போதைக்கு வந்து ஆடட்டும், படிவத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பயிற்சியாளர் அன்பாகச் சொல்லலாம். சோதனைப் பயிற்சி நாட்களுக்குக் காப்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை மோதல் பயிற்சியில் இறக்காதீர்கள்.

அடுத்தது பொருட்கள். உங்கள் கணவர் பயப்படுவது இதற்குத்தான். இங்கே நல்ல செய்தி உண்டு. ரக்பிக்குக் கட்டாயமாக வாங்க வேண்டியது மிகக் குறைவு. ஜெர்சியைப் பல கிளப்புகள் ஆட்ட நாளில் தாங்களே தந்து திரும்ப வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் காசு போட வேண்டியது பூட்ஸுக்கும், பற்களைக் காக்கும் மவுத் கார்டுக்கும்தான்.

பூட்ஸை முதல் ஆண்டு புதிதாக வாங்கவே வேண்டாம். 12 வயதுப் பையனின் கால் ஓர் ஆட்டப் பருவம் முடிவதற்குள் அளவு மாறிவிடலாம். அதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்கும் வேலையும் வேண்டாம், கணுக்கால் பிசகும். கிளப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பூட்ஸ் ஒரு பெட்டியில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். கால்பந்து பூட்ஸ் வீட்டில் இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரல் நுனியில் ஒற்றை ஆணி (தரையைப் பிடித்து நிற்க உதவும் முனை, ஸ்டட்) தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பூட்ஸை ரக்பி விதி அனுமதிப்பதில்லை. ஆணிகள் 21 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. விரலால் தடவும்போது கூர்மையான பிசிறு தட்டுப்பட்டால் அந்த ஜோடியை ஒதுக்கிவிடுங்கள், ஆட்டத்துக்கு முன் நடுவர் பார்த்தால் வெளியே நிறுத்திவிடுவார்.

மவுத் கார்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நியூசிலாந்தில் 1990களின் இறுதியில் ரக்பி ஆடுபவர்களுக்கு மவுத் கார்டைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே விபத்துக் காயங்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பின் கணக்குப்படி, 1995 முதல் 2003 வரையிலான காலத்தில் ரக்பியால் வந்த பல் சிகிச்சைக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. செலவழித்த காசுக்கு இவ்வளவு தெளிவாகப் பலன் தெரியும் பொருள் இந்த விளையாட்டில் வேறு இல்லை என்பது என் கருத்து. அதற்காகப் பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்யும் விலையுயர்ந்த வகைதான் வேண்டும் என்றில்லை. இந்த வயதில் பல்வரிசை இன்னும் மாறிக்கொண்டிருக்கும், இன்று எடுத்த அச்சு அடுத்த பருவத்துக்குப் பொருந்தாமல் போகலாம். சுடுநீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பதியவைக்கும் வகை இப்போதைக்குப் போதும். கடித்தபடியே உதட்டின் மேல் விரலால் அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபின்பும் மேல் பல்லிலேயே பிடித்து நின்றால் பொருந்திவிட்டது. கழன்று விழுந்தால் மறுபடி இளக்கிச் செய்யுங்கள். பல்லில் கம்பி போட்டிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

தலைக்கவசம் போன்ற அந்த மென்மையான நுரைத் தொப்பியை வாங்கச் சொல்லி மகன் கேட்பான். காது தேய்வதையும் தோல் கிழிவதையும் அது குறைக்கும். மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், அதற்கு அது உத்தரவாதம் இல்லை. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுப்பதும், அன்று திரும்ப இறக்காமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. பல நாடுகளில் கிளப் அளவில் ஆடுபவர்கள் அதன்பின் குறைந்தது 3 வாரம் போட்டிக்கு வரக் கூடாது. அந்த விதியை இந்தக் கிளப் எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வேறு கிளப் பாருங்கள், கட்டணம் குறைவாக இருந்தாலும் சரி. உலக ரக்பி அமைப்பு மூளையதிர்ச்சி பற்றி இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. நீங்களும் கணவரும் அதைப் படித்துவிடுவது, எந்தத் தொப்பியையும்விட உபயோகம்.

இப்போது பட்ஜெட். உங்கள் கணவர் சொன்ன "இழுத்துக்கொண்டே போகும்" செலவில் பெரிய பங்கு பயணம். ஆட்டங்களில் ஏறக்குறைய பாதி வெளியூர் மைதானங்களில் நடக்கும். போட்டி அட்டவணையை வாங்கி, வெளி ஆட்டங்களை மட்டும் எண்ணி, போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொரு குடும்பத்தோடு முறை வைத்து வண்டி எடுத்தால் அது பாதியாகும். என் யோசனை இது: ஆண்டுக் கட்டணம் எவ்வளவோ, அதே அளவு தொகையை முதல் பருவத்தின் மற்ற செலவுகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டையும் கூட்டி 12-ஆல் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். பருவம் முடிந்ததும் உண்மையில் ஆன செலவைப் பார்த்து இரண்டாம் ஆண்டுத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம்.

அந்த மாதத் தொகை எங்கிருந்து வரும்? வெளியே சாப்பிடுவது, பார்க்காத சந்தாக்கள், அடுத்த போன் மாற்றம் இவற்றிலிருந்து வரட்டும். மேற்படிப்புச் சேமிப்பை ஓராண்டு நிறுத்தினால் 12 தவணையோடு போகாது. அவை அடுத்த ஆறு வருடம் வளர்ந்திருக்க வேண்டிய கூட்டுவட்டியும் சேர்ந்து போகும். அதைவிட, ஒருமுறை நிறுத்திய சேமிப்பை மறுபடி தொடங்குவது குடும்பங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன். அவசர நிதி என்று மூன்று மாதச் செலவாவது கையில் இல்லையென்றால், முதலில் அதைச் சேருங்கள். மகனுக்குக் கை முறிந்தால் ஒரு வாரம் விடுப்பு எடுக்கப்போவது உங்களில் ஒருவர்தான்.

பாதியில் விட்டுவிடுவானோ என்ற கேள்விக்கு: ஆண்டுக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டாதீர்கள். மாதத் தவணை உண்டா, விலகினால் மீதி திரும்புமா என்று கேளுங்கள். கிரெடிட் கார்டில் போட்டு வட்டியோடு கட்டுவது தவணை ஆகாது. பல கிளப்புகளில் உடன்பிறப்புகளுக்குச் சலுகையும், சிரமப்படும் குடும்பங்களுக்கு உதவி நிதியும் உண்டு, விளம்பரப்படுத்த மாட்டார்கள். செயலாளரிடம் தனியாகக் கேட்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. இந்தக் கிளப்புகள் பெற்றோரின் தன்னார்வ உழைப்பில் ஓடுபவை, பணமாகத் தர முடியாததை நேரமாகத் தரலாம். மகளுக்கு இப்போது டேக் ரக்பி போதும். இடுப்பில் தொங்கும் பட்டையை இழுத்தெடுப்பதுதான் அதில் டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைத் தடுப்பது, செலவும் குறைவு.

உதவித்தொகை பேச்சை நண்பரோடு நிறுத்திவிடுங்கள். ரக்பி யூனியன் என்ற, அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி வகையில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அனுமதி வந்ததே 1995-ல்தான். அதன்பின் தொழில்முறை வாய்ப்புகள் வந்தன, 2016 முதல் ஏழு பேர் ஆடும் ரக்பி ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. ஆனாலும் கிளப்பில் ஆடும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது வருமானமாகிறது. இதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள், வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். முதலீடு என்று எழுதிவிட்டால், அணியில் இடம் கிடைக்காத ஒவ்வொரு வாரமும் அந்தப் பையனை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். தோழர்களோடு சேற்றில் உருண்டு, தோற்றாலும் எதிரணிக்குக் கைகொடுத்துவிட்டு, பசியோடு வீட்டுக்கு வருவதற்காக இந்தச் செலவு தகும்.

டூர் தனி முடிவு, தனிக் கணக்கு. முதல் பருவத்தில் வேண்டாம் என்று இப்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு அனுப்புவதாக இருந்தால், முன்பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி எது, பயணக் காப்பீட்டில் ரக்பி சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டபின் பணம் கட்டுங்கள். சாதாரணப் பயணப் பாலிசிகள் பலவற்றில் மோதல் விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும்.