ஞாயிறு வகுப்பை ஏன் நிறுத்தினீர்கள்?

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 36. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்து இன்றும் அங்கேயே இருக்கிறேன். ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் சீனியர் டெவலப்பர். கல்யாணமாகி ஒரு பையன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஆனால் காலையில் ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே மனசு கனத்துவிடுகிறது.

காரணம் இந்த ஏ.ஐ. முதலில் கோபைலட் என்ற கோடிங் உதவியாளரைக் கொடுத்தார்கள். பாதி வரி அடித்தால் மீதியை அது முடிக்கும். அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது வந்திருப்பவை வேறு ரகம். என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், தானே பல ஃபைல்களைத் திறந்து, மாற்றி, சரிபார்க்கும் டெஸ்ட்களையும் எழுதி, ஓட்டியும் காட்டிவிடுகிறது. நான் உட்கார்ந்து படிக்கிறேன், சரி என்று சொல்கிறேன். நாள் முழுக்க இதேதான்.

முன்பு ஒரு பில்லிங் புராஜெக்ட்டில் மாதாமாதம் சில பைசா உதைத்துக்கொண்டே இருந்தது. யாருக்கும் பிடிபடவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து, பணத்தை ஃபுளோட்டில், அதாவது தசமத்தைத் தோராயமாகவே வைக்கும் எண் வகையில், வைத்துக் கூட்டியிருக்கிறார்கள், அங்கேதான் பைசா உதிர்கிறது என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொன்னேன். அதே மாதிரி ஒன்று சமீபத்திலும் வந்தது. டீமில் இருக்கும் ஜூனியர் பையன் ஏ.ஐ.யிடம் கேட்டான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது. ஃபுளோட்டில் ஏன் பைசா உதிரும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் மீட்டிங்கில் அவனுக்குத்தான் கைதட்டினார்கள்.

மேனேஜருக்கு வேகம் மட்டும் போதும். யார் எழுதினார்கள், யாருக்குப் புரிந்தது என்றெல்லாம் கவலை இல்லை. என் மனைவி, "சம்பளம் வருது இல்ல, அப்புறம் என்ன?" என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? முதல் வேலை தேடிய காலத்தில் ரெஸ்யூமில் என் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறிய இன்டர்வியூக்கள் உண்டு. "வியாசர்பாடியா?" என்று இழுப்பார்கள். அங்கே எனக்குக் கைகொடுத்தது நான் எழுதும் புரோகிராம் மட்டும்தான். 2007இல் காலேஜ் சேர்ந்தபோது வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எருக்கஞ்சேரி ஹைரோடில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒரு அண்ணன் காசு வாங்காமல் சி என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். கடை மூடிய பிறகும் உட்காரவிடுவார். அப்படிக் கற்றதை இன்று ஒரு மெஷின் செய்கிறது, நான் சரி சொல்கிறேன்.

முன்பு வீடு திரும்ப ராத்திரி பத்து மணி ஆகும். இப்போது ஏழுக்கே வந்து போனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கமும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுப்பேன், நேரமில்லாததால் அதையும் நிறுத்தியாச்சு. ஆட்டோ ஓட்டுபவர் மகள், பத்தாவது படிக்கிற பெண், இன்னமும் நோட்டோடு வந்து "அண்ணா, இந்த வாரமாவது கிளாஸ் உண்டா?" என்கிறாள். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று அனுப்பிவிடுகிறேன். அது கிடக்கட்டும்.

வேலையை விட்டுவிடலாமா? மேனேஜரிடம் நேராகப் பேசிவிடலாமா? இந்தத் தொழிலில் இனி சந்தோஷம் என்று ஒன்று உண்டா?

– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் களைப்பு உண்மையானது. 2025இல் புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ உலகெங்கும் டெவலப்பர்களிடம் எடுத்த சர்வேயில், ஏ.ஐ. தரும் விடை கிட்டத்தட்டச் சரியாக இருந்தும் முழுதாகச் சரியில்லாமல் போவதுதான் எரிச்சல் என்று 66 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆண்டு ஏ.ஐ.யை ஆராயும் மெட்டர் என்ற அமைப்பு அனுபவசாலிகளான 16 டெவலப்பர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஏ.ஐ.யோடு செய்த வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கருவிகள் மாதாமாதம் மாறுகின்றன, இந்த எண்களும் மாறலாம். ஆனால் அடுத்தவர் எழுதியதை நாளெல்லாம் படித்துப் பொறுப்பேற்பது லேசான வேலை இல்லை. இதை மனைவியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

மேனேஜர், கைதட்டல் எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடுகிறேன். 'அது கிடக்கட்டும்' என்று ஓரமாகத் தள்ளினீர்களே, அந்த ஞாயிறு வகுப்புக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

நேரமில்லை என்கிறீர்கள். இரண்டு வரிக்கு முன்னால்தான் ஏழு மணிக்கே வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நேரம் காரணமில்லை. அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்க உங்களுக்குப் பயமாக இருக்கிறது. 'நான் ஏறிவந்த வழியே அடைபட்டுப்போகிறது, அதில் இவர்களை ஏற்றிவிடலாமா, ஏமாற்றுவதாகிவிடாதா?' என்ற கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல், ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லி அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பயத்தின் அடியில் இருப்பது அந்தப் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நீங்கள் செய்வது சரியில்லை. அவர்களுடைய எதிர்காலத்தை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அந்தப் பெண் அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அவள் வீட்டில் இதைப் பற்றிச் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? நீங்கள் திருப்பி அனுப்பும்போது, ஏ.ஐ. வந்ததால் அண்ணன் குழம்பிப்போயிருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தனக்கு இதெல்லாம் வராது போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வாள். 'வியாசர்பாடியா?' என்று இழுத்தவர்கள் உங்களுக்குச் செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். கடுமையாகச் சொல்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்த பிரவுசிங் சென்டர் அண்ணனை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அவரிடம் கற்ற வருஷங்களில்தான் 2008இன் பொருளாதாரச் சரிவு வந்தது. கேம்பஸில் வேலைக்கான ஆர்டர் கொடுத்த கம்பெனிகளே சேரும் தேதியைத் தள்ளிப்போட்ட காலம் அது. இந்தப் பையனுக்கு வேலை நிச்சயம் என்ற உத்தரவாதம் எதுவும் அவர் கையில் இல்லை. கேட்க வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பைசா உதிர்ந்த கதையை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் சந்தோஷம் எங்கே இருந்தது? கண்டுபிடித்ததில் பாதி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதில் பாதி. ஏ.ஐ. முதல் பாதியில் கைவைத்துவிட்டது, அந்த இழப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது பாதியை அது தொடவே இல்லை. அதை மூடியது நீங்கள். ஜூனியர் பையனுக்குத் தெரியாது என்று வருத்தப்பட்டீர்களே, அவனைக் கூப்பிட்டு ஃபுளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லி, 0.3-க்குப் பின்னால் எங்கோ ஒரு 4 வந்து நிற்பதைக் காட்டி, ஏன் என்று விளக்கினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அவனை எதிராளியாக நினைத்துவிட்டீர்கள். அவனுக்கு ஓர் அண்ணன் அமையவில்லை, அவ்வளவுதான் அவன் குறை.

வரும் ஞாயிறு மாடியைத் திறங்கள். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "எனக்குக் கிடைத்த மாதிரி வேலை உங்களுக்கும் கிடைக்குமா என்று தெரியவில்லை, ஆனால் இது எப்படி ஓடுகிறது என்று கற்றுத்தர முடியும்." ஏ.ஐ. எழுதிய புரோகிராமையே ஒருநாள் பலகையில் போட்டு, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் வீட்டுக்கு நீங்களே போய் வகுப்பு உண்டு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலையை விடும் முடிவு இப்போது வேண்டாம். மேனேஜரிடம் போவதானால் புகாராகப் போகாதீர்கள். ஏதாவது ஒரு முக்கியமான பகுதியை ஜூனியரோடு உட்கார்ந்து கையாலேயே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.