56 கோடி டாலர் தீர்ப்பு கையில் இருக்கிறது, வசூலிக்க முடியுமா?

கேள்வி: என் கணவர் குடும்பம் பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் பிகினித் தீவைச் சேர்ந்தது. அணுகுண்டுச் சோதனைக்காக 1946இல் அமெரிக்கக் கடற்படை தாத்தாவைக் கிளப்பியது. முதலில் ரோங்கரிக் தீவில் பட்டினி, பிறகு கிலித் தீவு. எழுபதுகளில் ஊர் திரும்பிய அத்தையை 1978இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். 2001இல் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு சட்ட நிறுவனம் அதை வசூலித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
- வாசகி, ஸ்பிரிங்டேல், அர்க்கன்சா

பதில்: கொடுக்காதீர்கள்.

தாத்தா பட்ட பட்டினியும் தேங்காயில் ஏறிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருளும் உண்மைதான். அதை யாரும் மறுக்கவில்லை. அதனால் அதை நிரூபிப்பதில் உங்களுக்கு லாபமும் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1986இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-மார்ஷல் ஒப்பந்தத்தின் 177ஆம் பிரிவு. அதன்படி மார்ஷல் அரசு தன் குடிமக்கள் சார்பில் 15 கோடி டாலர் நிதியைப் பெற்றுக்கொண்டு, கடந்த, நிகழ், வருங்காலக் கோரிக்கைகள் அனைத்தையும் முடித்துக்கொண்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் இவற்றை விசாரிக்கவே கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. பிகினி மக்கள் மோதிப் பார்த்தார்கள். 2007இல் வழக்கு தள்ளுபடி, 2009இல் மேல்முறையீடும் தோல்வி, 2010இல் உச்ச நீதிமன்றம் கையிலெடுக்கவே மறுத்துவிட்டது.

சரி, அந்த 56 கோடி? தீர்ப்பாயம் அமெரிக்க நீதிமன்றம் அல்ல, அந்த ஒப்பந்தத்தால் மார்ஷல் தீவுகளில் உருவானது. அந்த 15 கோடி நிதியில் தனக்கு ஒதுக்கியதிலிருந்துதான் அதனால் கொடுக்க முடியும். அது கரைந்துபோனது, பிகினிக்கு வந்தது தீர்ப்புத் தொகையில் அரை சதவீதம்கூட இல்லை. கடனாளி இல்லாத தீர்ப்பை எங்கே போய் நிறைவேற்றுவது?

வழக்கோடு என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். இப்படிப்பட்ட நிறுவனங்கள் நீட்டும் கட்டண ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் 56 கோடி பெரிய எழுத்தில் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைவிட மோசமானது ‘எந்த வகையில் வரும் இழப்பீட்டிலும்’ என்று தொடங்கி, பங்கு கேட்கும் வாசகம். நாளைக்கு பிகினி மக்களின் உள்ளூர் மன்றம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால், ஒரு மனுகூடப் போடாத வக்கீல் அதற்கும் பங்கு கேட்டு வந்து நிற்பார். வீட்டில் பெரியவர் ஒருவர் எல்லோர் சார்பிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பிள்ளைகள் அவரோடு பேசாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு, இருக்கிற பணத்தைக் காப்பாற்றுங்கள். 2017இல் அமெரிக்க உள்துறை பிகினி மீள்குடியேற்ற நிதியின் மேற்பார்வையைக் கைவிட்டது. அப்போது அதில் சுமார் 5.9 கோடி டாலர் இருந்தது. 2023இல் கிட்டத்தட்டக் காலி. உள்துறையைக் கேட்டால், எங்கள் பணத்தை நாங்களே நிர்வகிக்க வேண்டும் என்று உள்ளூர் மன்றம்தானே கேட்டது என்பார்கள். அது உண்மையும்கூட. புதுப்பித்த அமெரிக்க-மார்ஷல் ஒப்பந்தத்தில் 70 கோடி டாலர் நிதி ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட தீவு மக்களின் தேவைகளுக்கு அதில் வழியும் உண்டு. உங்கள் கணவர் மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடட்டும். தணிக்கை அறிக்கையை எழுத்தில் கேட்கட்டும்.

அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த வாரமே பதிவுத் தபாலில் ரத்துக் கடிதம் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.