பதில்: சிவப்பு-சிவப்பு-நீலத்தில் குழம்பும் ஐந்து வயது மகள்

சிவப்பு-நீலம் மணிகளைச் சரியாக அடுக்கும் மகள், சிவப்பு-சிவப்பு-நீலம் வந்தால் பழையபடி ஒன்றுவிட்டு ஒன்று வைக்கிறாள் என்கிறீர்கள். இந்த வயதில் இது சகஜம். கடைசி மணியை மட்டும் பார்த்து அடுத்ததை வைக்கிறாள். இங்கே சிவப்புக்குப் பின் சிவப்பும் வரும், நீலமும் வரும். அதனால் திரும்பத் திரும்ப வரும் துண்டு, அதாவது 'சிவப்பு-சிவப்பு-நீலம்' என்ற மூன்று மணிகள், சேர்ந்து அவள் கண்ணில் பட வேண்டும்.

மூன்று முழுத் துண்டுகளை, அதாவது ஒன்பது மணிகளை, நீங்களே வையுங்கள். ஒரே துண்டைக் காட்டி 'அடுத்து என்ன?' என்றால் பெரியவர்களும் ஊகிக்கத்தான் வேண்டும். துண்டுகளுக்கு நடுவே விரலகலம் இடைவெளி இருக்கட்டும். தொடையில் இரண்டு தட்டு, கையில் ஒன்று என்று தாளமாகவும் செய்யுங்கள். தடுமாற்றம் நின்றதும் இடைவெளியை எடுத்துவிடலாம்.

அதன்பின் இதே அமைப்பைப் புளியங்கொட்டையும் பட்டனும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்த்து நகலெடுக்க வழியில்லாததால், புரிந்ததா என்பது இதில்தான் தெரியும். ஒர்க்‌ஷீட் இப்போதைக்கு வேண்டாம்.